வளரும் பிள்ளைகளும் முளைக்கும் பற்களும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நல நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எந்த நற்செயலையும் விநாயகப் பெருமானை வணங்கித் தொடங்குவது மரபு. அப்பெருமானுக்கு ஏகதந்தன் என்றொரு திருநாமம் உண்டு. ஏகம் என்றால் ஒன்று. தந்தம் என்றால் பல். வியாசர் சொல்லச் சொல்ல மகாபாரதத்தை எழுதுவதற்காகத் தம் கொம்பையே ஒடித்து எழுத்தாணியாக்கிக் கொண்டார் என்பது புராண வரலாறு. யானையின் கொம்பு என்று வழங்கப்படுவது உண்மையில் கொம்பன்று. மேல்தாடையிலிருந்து நீண்டு வளர்ந்த வெட்டுப்பல்லே அது. ஆகவே, பல்லைப் பற்றிய பேச்சு ஆலய முற்றத்திற்கு அந்நியமானதன்று.

யானைக்கு அதன் வாழ்நாளில் கடைவாய்ப் பற்கள் ஆறு முறை வருகின்றன. தேய்ந்தவை விழ, புதியவை பின்னாலிருந்து நகர்ந்து அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. மனிதனுக்கு அத்தகைய பேறு இல்லை. அவனுக்குப் பற்கள் இரண்டே முறைதான். அவற்றுள்ளும் பன்னிரண்டு பற்கள் ஒரே ஒரு முறைதான் முளைக்கின்றன. அந்தப் பன்னிரண்டில் முதலில் வருபவற்றைப் பாற்பற்கள் என்று எண்ணிப் பெற்றோர் கைவிட்டு விடுவதே, பல பிள்ளைகளுக்கு நேரும் முதல் பேரிழப்பு. இவ்வுரையின் சாரம் அதுவே.

கருவறையில் தொடங்கும் பணி

குழந்தைக்கு ஆறாம் மாதத்தில் பல் முளைக்கிறது என்று சொல்வது வழக்கம். முளைப்பதுதான் ஆறாம் மாதம். உருவாவது அதற்கு வெகுநாள் முன்பே. தாயின் வயிற்றில் கரு ஆறு வார அளவில் இருக்கும்போதே தாடையில் பற்களுக்கான அடித்தளம் தோன்றி விடுகிறது. நான்காம் மாத அளவில் பாற்பற்களில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குகிறது. குழந்தை பிறக்கும் நேரத்தில் இருபது பாற்பற்களும் ஈற்றுக்குள் உருவாகிக் கொண்டிருக்கின்றன. நிலைப்பற்களுள் முதலாவதான கடைவாய்ப்பல்லும் ஏறத்தாழ அந்நேரத்திலேயே கெட்டிப்படத் தொடங்கி விடுகிறது.

பல்லின் மேலுறையாகிய எனாமல், மனித உடலில் உள்ள பொருள்களுள் மிகக் கடினமானது. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். எனாமலை உருவாக்கும் உயிரணுக்களோ, பல் வெளியே வருவதற்குள் தம் பணியை முடித்து மறைந்து விடுகின்றன. அதன்பின் இழந்த எனாமலை உடலால் மீண்டும் ஆக்கிக்கொள்ள இயலாது.

எனாமல் உருவாகும் காலத்தில் உடலுக்கு நேரும் மாற்றங்கள் அதில் பதிவாகின்றன. குழந்தை பிறக்கும் தருணத்தில் உருவாகிக் கொண்டிருக்கும் பற்களில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடு ஒன்று விழுகிறது. நுண்பெருக்கியில் பார்த்தால், கோட்டிற்கு உட்புறம் பிறப்பதற்கு முன் வளர்ந்தது, வெளிப்புறம் பிறந்தபின் வளர்ந்தது எனப் பிரித்தறியலாம். சோதிடர் எழுதும் ஜாதகத்திற்கு முன்பே, பிள்ளையின் பிறந்த நாளை அதன் பல்லே குறித்து வைத்துக் கொள்கிறது.

இக்காரணத்தால்தான், கருவுற்ற தாய்மார்களுக்கும் எட்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கும் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கின்றனர். உருவாகும் பல்லில் அம்மருந்து கலந்து, மஞ்சளும் பழுப்புமாக நிலைத்த கறையை உண்டாக்கி விடும். முன்பொரு நோய்க்கு வாங்கி மீந்துபோன மருந்தை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பாற்பற்களின் வரிசை

பெரும்பாலும் கீழ்த்தாடையின் நடுவிலுள்ள இரண்டு வெட்டுப்பற்களே முதலில் வெளிவருகின்றன. ஆறு முதல் பத்து மாதத்திற்குள் இது நிகழும். அடுத்து மேல் நடுப்பற்கள் எட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்திற்குள் வரும். அவற்றின் பக்கத்துப் பற்கள் அதன்பின் முளைக்கும். ஒன்றரை வயதையொட்டி முதல் கடைவாய்ப் பாற்பற்களும், அவற்றையடுத்துக் கோரைப்பற்களும், இரண்டு வயதையொட்டியும் அதன் பின்னும் இரண்டாம் கடைவாய்ப் பாற்பற்களும் வருகின்றன. மூன்று வயதுக்குள் மேலே பத்து, கீழே பத்து என இருபதும் நிறைந்துவிடும். உமையம்மை ஞானப்பால் ஊட்டிய வேளையில் திருஞானசம்பந்தருக்கு வயது மூன்று என்பர். ஒரு பிள்ளையின் பாற்பல் வரிசை நிறைவுறும் வயது அது.

இக்கணக்கில் சில மாதங்கள் முன்பின்னாக இருப்பது இயல்பே. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஐந்தாம் மாதத்தில் பல் வந்தது, தம் பிள்ளைக்கு ஓராண்டாகியும் வரவில்லை என்று தாய்மார் கலங்க வேண்டியதில்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட வரவில்லையென்றால் பல் மருத்துவரிடம் காட்டுவது முறை. ஒரு பக்கத்துப் பல் வந்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்து இணைப்பல் வராவிடினும் அவ்வாறே காட்டவேண்டும்.

முதல் பல் கண்டவுடன் யாழ்ப்பாணத் தமிழர் குடும்பங்களில் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடுவது வழக்கம். தமிழகத்தாரிடையேயும் இதையொத்த மரபுண்டு. அந்த நன்னாளையே பிள்ளையின் வாயைத் தூய்மை செய்யத் தொடங்கும் நாளாகவும் கொண்டால் மரபும் வாழும், பல்லும் வாழும்.

மேல்தாடையில் முதல் பல் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்றொரு நம்பிக்கையும் உண்டு. பற்கள் வரிசை மாறி முளைப்பது இயற்கையின் வேறுபாடே அன்றி வேறில்லை. அரிதாகச் சில குழந்தைகள் பல்லுடனேயே பிறப்பதும் உண்டு. அப்பல் ஆடினாலோ, பாலூட்டும் தாயைப் புண்படுத்தினாலோ மருத்துவர் ஆவன செய்வார். அக்குழந்தையைக் குறைவாக நோக்குதல் கூடாது.

பல் முளைக்கும் காய்ச்சலா?

பல் முளைக்கும் காலத்தில் குழந்தை எச்சில் ஒழுக்கும், கையில் கிடைத்ததைக் கடிக்கும், சிணுங்கும், உடல் சற்றே வெதுவெதுப்பாகவும் இருக்கலாம். இவை இயல்பு. ஆனால் கடுங்காய்ச்சலும், ஓயாத வயிற்றுப்போக்கும், வலிப்பும் பல் முளைப்பதால் வருவனவல்ல. ஆறு மாதத்தை ஒட்டித் தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது. குழந்தை தவழ்ந்து தரையிலுள்ளவற்றை வாயிலிடவும் தொடங்குகிறது. தொற்று நோய்கள் வரும் பருவமும் பல் முளைக்கும் பருவமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. அதனால் பழி பல்லின்மேல் விழுகிறது.

இப்பழி சிறிதன்று. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இறப்புப் பதிவுகளில் குழந்தைகள் இறந்தமைக்குக் காரணம் ‘பல் முளைத்தல்’ என்றே எழுதப்பட்டு வந்தது. பல் முளைக்கும் வேதனைக்கென்று விற்கப்பட்ட பொடிகளில் பாதரசம் கலந்திருந்தது. அதனால் கைகால் சிவந்து, தோலுரிந்து, குழந்தைகள் வாடும் நோய் ஒன்று பரவியது. 1950களில் அப்பொடிகள் கைவிடப்பட்ட பின்னரே அந்நோய் ஏறத்தாழ மறைந்தது. இக்காலத்தும் ஈறுகளில் தடவும் சில மரப்பு மருந்துகள் இரண்டு வயதிற்குட்பட்டோர்க்கு ஆபத்தானவை என 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. குளிர்ந்த, தூய ஈரத்துணியைக் கடிக்கக் கொடுத்தலும், கழுவிய விரலால் ஈற்றை மெல்லத் தேய்த்தலும் போதுமானவை.

டிங்கி காய்ச்சல் உலவும் இந்நாட்டில், 38 பாகை செல்சியசை எட்டிய காய்ச்சலைப் ‘பல்லுக்காகத்தான்’ என்று ஒதுக்கி, இரண்டு நாள் காத்திருப்பது உயிரோடு விளையாடுவதற்கு ஒப்பாகும்.

விழப் போகும் பல்தானே என்னும் எண்ணம்

‘எப்படியும் விழப்போகும் பல்தானே, சொத்தையானால் என்ன?’ என்று கேட்போர் பலர். அதற்கான விடை மூன்று.

முதலாவது, பல்வலி பாற்பல்லுக்கும் உண்டு. வலியால் உண்ண இயலாத பிள்ளை மெலியும். உறங்க இயலாத பிள்ளைக்கு வகுப்பில் கவனம் நிலைக்காது. கடைசிக் கடைவாய்ப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தையான பல்லோடு பிள்ளை இன்னும் ஆறேழு ஆண்டுகள் வாழ வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பாற்பல்லும் தன் பின் வரவிருக்கும் பல்லுக்கு இடம் காத்து நிற்கிறது. உரிய காலத்திற்கு முன் கடைவாய்ப் பாற்பல்லை இழந்தால், பின்னாலுள்ள பல் முன்னோக்கிச் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். உரிய பல் முளைக்க வரும்போது இடமின்றிக் கோணலாக வெளிவரும். சில வேளை வெளிவராமலே ஈற்றுக்குள் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, பாற்பல்லின் வேருக்கு அடியில்தான் நிலைப்பல் வளர்கிறது. சொத்தை முற்றி வேரில் சீழ் பிடித்தால், அடியிலுள்ள இளம்பல்லின் எனாமல் பழுதுபட்டு, வெள்ளையோ பழுப்போ ஆன வடுவுடன் அது முளைக்கக் கூடும்.

பாற்பற்கள் சொத்தையாவதற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று, பால் புட்டியுடன் பிள்ளையை உறங்க வைப்பதாகும். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் இனிப்பை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலம் எனாமலைக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் அதனைக் கழுவி விடும். உறக்கத்திலோ உமிழ்நீர் குறைந்து, பாலும் மைலோவும் பல்லைச் சுற்றித் தேங்கி நிற்கும். மேல் முன்பற்கள் நான்கும் முதலில் அரிக்கப்படும். கீழ் முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் காத்துக்கொள்ளும். மூன்று வயதுப் பிள்ளையின் மேல் முன்பற்கள் கரிந்த குச்சிகளைப்போல் தோன்றினால், அதற்குப் பெரும்பாலும் இரவுப் புட்டியே காரணம்.

இனிப்பூட்டிய கெட்டிப்பாலைக் கரைத்துக் குழந்தைகளுக்கு ஊட்டும் பழக்கம் முற்காலத்தில் இவ்வட்டாரத்தில் பரவியிருந்தது. அதனைக் கண்டித்து 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. ‘பாலும் கொலையும்’ என்பது அவ்வுரையின் தலைப்பு. அவர் பேசியது குழந்தைகளின் உயிரைப் பற்றி, பல்லைப் பற்றியன்று. எனினும், புட்டியில் எதை ஊற்றுகிறோம் என்னும் அவருடைய கேள்வி இன்றும் பழையதாகிவிடவில்லை.

ஆறு வயதில் வரும் பல்

இனி, தலையாய செய்திக்கு வருவோம். நிலைப்பற்கள் முப்பத்திரண்டு. அவற்றுள் இருபது, விழுந்த பாற்பற்களின் இடத்தில் முளைப்பவை. எஞ்சிய பன்னிரண்டும் கடைவாய்ப்பற்கள். எந்தப் பாற்பல்லுக்கும் மாற்றாக வாராமல், வரிசையின் பின்புறத்தே புதிதாக முளைப்பவை.

அவற்றில் முதல் நான்கு, ஏறத்தாழ ஆறு வயதில், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னே, பக்கத்திற்கொன்றாக மேலும் கீழும் வருகின்றன. எந்தப் பல்லும் விழவில்லை, இரத்தம் கசியவில்லை, பிள்ளையும் ஒன்றும் சொல்வதில்லை. ஆதலால் பெற்றோர் அதனை அறிவதில்லை. அறிந்தோரும் இன்னுமொரு பாற்பல் என்றே கருதிவிடுகின்றனர். அது பாற்பல் அன்று. அறுபது, எழுபது வயது வரை மென்று உண்ண வேண்டிய நிலைப்பல். அது போனால் அதற்கு மாற்று இல்லை.

மேலும், அப்பல்லின் மேற்பரப்பு ஆழ்ந்த பள்ளங்களும் கோடுகளும் உடையது. வெளிவரும் காலத்தில் மற்றப் பற்களைவிடத் தாழ்ந்து நிற்பதால் தூரிகை அதனை எட்டுவதில்லை. எனாமலும் அப்போது முழு உறுதி பெற்றிராது. எனவே, எளிதில் சொத்தையாகும் பல்லும் அதுவே. முதலாம் ஆண்டில் பள்ளிப் பையைத் தூக்கிச் செல்லும் பருவத்தில் வந்த பல், ஆறாம் ஆண்டை முடிக்கும் முன்பே பிடுங்கப்படும் நிலை ஏற்படுவது எத்துணைப் பெரிய இழப்பு! அதன் பள்ளங்களைக் காலத்தே பூச்சிட்டு அடைக்கும் எளிய சிகிச்சை உண்டு. ஊசியில்லை, வலியில்லை. பல் நன்கு வெளிவந்தவுடன் அதனைச் செய்து கொள்ளுதல் நலம்.

இரட்டை வரிசையும் இடைவெளியும்

ஆறு, ஏழு வயதில் கீழ் முன்பற்கள் மாறும்போது, பாற்பல் விழாத நிலையிலேயே அதன் பின்னால் புதுப்பல் எட்டிப் பார்க்கும். இரட்டை வரிசை கண்டு பெற்றோர் அஞ்சுவர். பெரும்பாலும் பாற்பல் தானே ஆடி விழுந்து, நாக்கின் அழுத்தத்தால் புதுப்பல் முன்னே வந்துவிடும். சில மாதங்களாகியும் பாற்பல் ஆடாவிட்டால் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஏழு, எட்டு வயதில் மேல் நடுப்பற்கள் அகன்ற இடைவெளியுடன், விசிறிபோல் விரிந்து முளைப்பதுண்டு. மேலே ஈற்றுக்குள் இறங்கிவரும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேர்களை நெருக்குவதால் இத்தோற்றம் உண்டாகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பற்கள் வெளிவந்ததும் இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அதுவரை பிள்ளையின் பல்லைக் கேலி செய்து, வாய்பொத்திச் சிரிக்கும் பழக்கத்தை உண்டாக்கி விடக்கூடாது. பன்னிரண்டு வயதையொட்டி இரண்டாம் கடைவாய்ப்பற்களும், பதினேழு வயதிற்குப் பின் ஞானப்பற்களும் வரும்.

இவ்வரிசையின் ஒழுங்கு கருதியே, 1837இல் இங்கிலாந்தின் பல் மருத்துவர் எட்வின் சாண்டர்ஸ், ஆலைகளில் வேலைக்கு அமர்த்தப்பட்ட சிறுவர்களின் வயதைப் பல்லைக் கொண்டு கணிக்கலாம் என எடுத்துக்காட்டினார். பிறப்புப் பதிவில்லாத பிள்ளைகளைச் சட்ட வயதிற்கு மீறி வேலை வாங்குவதைத் தடுக்க அது பயன்படும் என்பது அவர் கருத்து. பல் அன்று ஏழைப் பிள்ளைகளுக்குச் சாட்சி சொல்ல நின்றது.

விளையாட்டில் விழுந்து நிலைப்பல் வேரோடு வெளிவந்துவிட்டால், அதனைத் தூக்கி எறிய வேண்டாம். வேரைத் தொடாமல், பல்லின் மேற்பகுதியைப் பிடித்தெடுத்துப் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள், இயன்றால் அரை மணியிலேயே, பல் மருத்துவரிடம் செல்க. மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. பாற்பல்லாயின் மீண்டும் பொருத்துதல் கூடாது. அதனை வழக்கம்போல் கூரைமேல் எறிந்து மகிழலாம்.

அரசாங்கம் அமைத்த வழி

இந்நாட்டுப் பிள்ளைகளின் பல் நலனுக்கு நல்ல அடித்தளம் உண்டு. 1921இல் நியூசிலாந்து வகுத்த முறையைப் பின்பற்றி, 1949இல் பினாங்கில் பல் மருத்துவத் தாதியர்க்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்குப் பயின்றோர் நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காத்து வந்துள்ளனர். குழாய் நீரில் புளோரைடு சேர்க்கும் பணி சிங்கப்பூரில் 1956இலும் ஜொகூர் பாருவில் 1957இலும் தொடங்கியது. 1972இல் மலேசிய அமைச்சரவை அதனை நாடு தழுவிய கொள்கையாக ஏற்றது. தமிழ்ப்பள்ளி உள்ளிட்ட தொடக்கப்பள்ளிகளுக்கு அரசாங்கப் பல் மருத்துவக் குழுவினர் வருகை தருகின்றனர். பிள்ளை கொண்டுவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாமல் பையிலேயே கிடக்க விடுவது, வாசல் தேடி வந்த உதவியைத் திருப்பி அனுப்புவதாகும்.

வீட்டில் செய்ய வேண்டுவன சில. முதல் பல் வந்தது முதல் காலையும் இரவும் பல் துலக்க வேண்டும். மூன்று வயது வரை புளோரைடு கலந்த பற்பசை ஓர் அரிசி அளவும், அதன்பின் ஒரு பட்டாணி அளவும் போதும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதுமானது. ஏழெட்டு வயது வரை பெரியவர் கையால் துலக்கி விடுதல் வேண்டும். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் முன்னோர்க்கு உதவின. இனிப்புப் பானம் மலிந்த இக்காலப் பிள்ளைக்கு அவை மட்டும் போதா. முதல் பிறந்த நாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுதல் நன்று. வலி வந்தபின் முதன்முதலாகப் போகும் பிள்ளை அவ்விடத்தைக் கண்டு வாழ்நாள் முழுவதும் அஞ்சும்.

இறைவனின் பிரசாதமாகிய பஞ்சாமிர்தத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் பிள்ளைகளுக்கு மறுக்கச் சொல்வார் யாருமில்லை. ஒவ்வொரு முறை இனிப்பு உண்டபின்னும் ஏறத்தாழ அரை மணி நேரம் பல் அமிலத்தில் நனைகிறது. எனவே, தீங்கு விளைவிப்பது இனிப்பின் அளவைக் காட்டிலும், நாள் முழுதும் அடிக்கடி உண்ணும் பழக்கமேயாகும். பிரசாதத்தை உணவோடு சேர்த்து உண்டு, தண்ணீர் அருந்தி வாய் கொப்பளித்தல் நல்லது. அன்னதானக் கூடங்களில் பிள்ளைகளுக்கு நிறமூட்டிய இனிப்பு நீருக்குப் பதில் வெறுந்தண்ணீர் வைப்பதை ஆலய நிர்வாகங்கள் கருதிப் பார்க்கலாம். செலவும் குறையும்.

உடலை இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டவர் திருமூலர். அவ்வாலயத்தின் வாயில் வாயே ஆகும். அவ்வாயிலில் ஆறு வயதில் வந்து நிற்கும் நான்கு தூண்களைக் காத்தல் பெற்றோரின் கடமை. இல்லம் திரும்பியதும், ஆறு வயது நிறைந்த பிள்ளையை விளக்கொளியில் வாய் திறக்கச் செய்து, கடைசிப் பாற்பல்லின் பின்புறத்தைப் பாருங்கள். புதுப்பல் ஒன்று அங்கே தலைகாட்டியிருக்கலாம். இன்றிரவு முதல் தூரிகை அவ்விடம்வரை செல்லட்டும்.

எல்லா இல்லங்களிலும் பிள்ளைகள் நோயின்றி வளர எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.